விதைமூட்டைக்குள் ஒரு பென்டிரைவ்

சீர்காழி,
குறுவை அறுப்புக் காலம்.

அன்பும் அறிவும் நிறைந்த மாப்பிள்ளை ஷஹ்பாஸ் அவர்களுக்கு, மாமா மீரா உசேன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் மாமி ஹமீதா பானுவும் நமது அறுவடை மிஷின்களும் நலம். ஷார்ஜாவில் நீங்களும் மகள் ஹுமைராவும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. நலம் விசாரித்தது போதும், விஷயம் பெரிது.

கம்ப்யூட்டர் என்றைக்காவது படுத்துவிட்டால் தொழிலும் கூடப் படுக்கக் கூடாது, ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள், ஒத்திகையும் பாருங்கள் என்று போனில் சொன்னீர்களே, பார்த்துவிட்டேன் மாப்பிள்ளை. சீர்காழியிலேயே இப்படி ஒத்திகை பார்த்த முதல் ஆள் நான்தான். மிஷின் யார் வயலுக்கு யாருக்குப் பின்னால் போகும் என்ற முறை முழுவதும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அது குழம்பினால் மிஷின் நிற்கும், மழை முந்திக்கொள்ளும், கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்துவிடும், அப்புறம் என் முகத்தில் யார் விழிப்பார்கள். ஆகையால் முறையைப் பென்டிரைவில் ஏற்றி, எந்த ஆபத்திலும் நம் ஊர்க்காரன் கைவைக்காத பொருள் எது என்று யோசித்து, கூட்டாளி வீரையன் வீட்டு விதைநெல் மூட்டைக்குள் அவனுக்கும் தெரியாமல் செருகி வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நேற்று ஒத்திகை. நம் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் செம்மொழியிடம் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன்.

"பாய், முதல்ல பென்டிரைவ் தொறக்குதான்னு பாத்துட்டு அழிப்போமே."

"ஆபத்து உன்னைக் கேட்டுட்டா வரும்? ஒத்திகைன்னா நிஜமா இருக்கணும். அழிம்மா."

அழித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது மாப்பிள்ளை. உடனே வீரையனுக்குப் போன் போட்டு, விதைமூட்டைக்குள் கையை விட்டு பென்டிரைவை எடுத்து வரச் சொன்னேன்.

"நல்லா வச்சீங்க பாய். அடுத்த போகம் தாளடிக்கு நாத்து விடணும்னு மூட்டையோட வாய்க்கால்ல ஊறப் போட்டாச்சு. இப்ப கரையேத்தி மூடி வச்சிருக்கேன், ஜோரா முளை கட்டியிருக்கு."

பென்டிரைவும் வந்தது, தலையில் நாலு நெல் வேர்விட்டு உட்கார்ந்திருக்க. செம்மொழி துடைத்துச் செருகிப் பார்த்தாள், அது மூச்சே விடவில்லை. அதற்குள் பாய் கடையில் முறை அழிஞ்சுபோச்சு என்று செய்தி பரவி விவசாயிகள் அத்தனை பேரும் வாசலில் வந்துவிட்டார்கள், ஆளாளுக்கு நான்தான் முதல் என்கிறார்கள், வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது, எனக்குக் கை ஓடவில்லை கால் ஓடவில்லை. அப்போது உங்கள் மாமி எட்டிப் பார்த்து, "ஏங்க, உள்வயலுக்கு மிஷின் பறந்தா போகும்? முன்வயல் அறுத்தாத்தானே வழி?" என்றாள்.

கூச்சல் அடங்கிவிட்டது. நாகம்மாள் என்றொரு அம்மாள் முன்னால் வந்து, "ரோட்டோரம் என் வயலு. என் கதிரை மிதிச்சுக்கிட்டு எவன் போறான்னு பாக்குறேன்" என்று நின்றது. அதற்கு அடுத்த வயல்காரர் அதன் பின்னால் நின்றார், அவருக்கு அடுத்தவர் அவருக்குப் பின்னால். வயல் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே தெருவில் ஆட்கள். செம்மொழி பார்த்துப் பார்த்துத் தட்டி ஏற்றினாள். மழைக்கு முன்னே நாகம்மாள் வயல் அறுத்தாகிவிட்டது. அழிந்துபோன முறை திரும்பி வந்துவிட்டது மாப்பிள்ளை, உங்கள் கம்பெனியில்கூட இப்படி நடந்திருக்காது.

ஒரே ஒரு விஷயம். சம்பந்தி அப்துல் அஜீஸ் அவர்களுக்கு, அதாவது உங்கள் வாப்பாவுக்கு, உள்வயல் என்பதால் கடைசி இடம். அவருக்கு முதல் முறை தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மனவருத்தத்தில் இருக்கிறார். கம்ப்யூட்டரே போனபின் மாமா என்ன செய்வார் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும் என்பதால் ஷார்ஜா புறப்படும் சலாஹுதீன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் இருவருக்கும் எங்கள் துஆ என்றும் உண்டு.

இப்படிக்கு,
மாமா மீரா உசேன்

பி.கு.: சலாஹுதீன் பெட்டியோடு வாசலில் நிற்கிறார், இப்போது வந்து செம்மொழி சொல்கிறாள், அழிக்கும் முன்பே எல்லாவற்றையும் தன் போனில் ஏற்றி வைத்திருந்தாளாம். நேற்றே சொல்லக் கூடாதா என்றால், "ஒத்திகை நிஜமா இருக்கணும்னு நீங்கதானே பாய் சொன்னீங்க" என்கிறாள். திறந்து பார்த்தேன். உங்கள் வாப்பா பெயர்தான் முதலில் இருக்கிறது. நாகம்மாளிடம் போய் இதை யார் சொல்வது? அதையும் அழிக்கச் சொல்லிவிட்டேன். நீங்களும் படித்தவுடன் இதைக் கிழித்துவிடுங்கள். தயவுசெய்து நகல் எடுத்து வேறிடத்தில் வைத்துவிடாதீர்கள்.