கடுகு அண்ணாத்தேயும் ஐந்தரை மணி நேரமும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கேயாவது பாய்லர் வெடித்தது என்று கேள்விப்பட்டால், "கடுகு அண்ணாத்தே அந்தப் பக்கம் போயிருந்தாரா?" என்றுதான் முதலில் கேட்பேன். அப்படியொரு கோபக்காரரை இந்த எஸ்டேட் பார்த்ததில்லை. காலையில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே வெடிக்க ஆரம்பிப்பார், மாலையில் அதை மாட்டும்போதுதான் அடங்குவார். கோபம் ஏறினால் எழுந்து நின்றுதான் டைப் அடிப்பார். அவருடைய நாற்காலி வாங்கிய புதிதில் இருந்த மாதிரியே இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்களைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்கிரீன் பார்க்கிற வேலை. சிவப்பு வந்தால் போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். என் மனைவி கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்க "அவருக்கு கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். அது எப்போது போகுமோ என்ற பயத்திலேயே எனக்குப் பாதி முடி கொட்டியது.

கம்ப்யூட்டர்கள் தாங்கள் செய்கிற காரியங்களையெல்லாம் மணியோடு வரிவரியாக எழுதி வைக்கும். அதற்கு லாக் என்று பெயர். எல்லா லாகையும் ஓரிடத்தில் சேர்த்து, தேடிப் பார்க்கவும் படம் போட்டுக் காட்டவும் ஒரு சர்வர் அமைக்கத்தான் கடுகு வந்தார். முத்தாபுதுப்பேட்டை ஆள். ஆத்திரத்தின் உச்சியில் "மாதாவே!" என்று கத்துவார். அது ஜெபமா வசவா என்று கடைசிவரை தெரியவில்லை.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ரிசப்ஷன் டிவில கலர் கலரா ஓடோணுங்க. கஸ்டமர் வந்தா பார்த்து அசந்து போகோணும்."

"அதுக்கு கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டு வாங்கி மாட்டு சார். சர்வர் இன்னாத்துக்கு?"

எல்லாம் ஒழுங்காக ஓடினால் டிவியில் ஒன்றும் வரக்கூடாது, கெட்டால் மட்டும் சிவப்பாக ஒரு வரி வர வேண்டும் என்பது கடுகின் சட்டம். அப்படியே அமைத்தும் விட்டார். கஸ்டமர்கள் வந்தார்கள். மேனேஜர் பெருமையாகக் கையை நீட்டினார். அவர்கள் அந்தக் கறுப்பு டிவியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ரிப்பேருங்களா?" என்று கேட்டார்கள்.

ஆயுத பூஜையன்று மேனேஜர் பழி தீர்த்துக்கொண்டார். தெரிந்து செய்யவில்லை, பக்தியில் செய்தார். மெஷினுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று லாக் சர்வரை மட்டும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, காற்றுப் போகும் ஓட்டையில் சாமந்தி சொருகினார். லீவு முடிந்து வந்த கடுகு அதைப் பார்த்தார். எங்களில் இரண்டு பேர் முன்னெச்சரிக்கையாக டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவர் சத்தம் வாசல்வரை கேட்டது.

"மாதாவே! ஏன் சார், பூஜைன்னா வாட்ச்மேனை தூங்க வெச்சிட்டு கதவ தொறந்து போட்டுட்டு போவியா?"

"எல்லாருக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணுமல்லங்க."

"அப்ப உன் ரூம் ஏசிக்கு குடேன் ரெஸ்ட்டு! இன்னிக்கே குடு!"

வாய் நிறைய ஆயுத பூஜைப் பொரியை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பொரி மேனேஜர் சட்டைக்குப் போனது.

என்னையும் விட்டுவைத்ததில்லை. ஸ்கிரீனில் மஞ்சள் தெரிந்தாலே அவருக்குப் போன் செய்வேன். ஒன்றும் தெரியாவிட்டாலும், ஏன் தெரியவில்லை என்று போன் செய்வேன்.

"அண்ணாத்தே, புதுசா சேத்த பஸ் மெஷின்லேர்ந்து ஒரு வரி கூட வர்லியே? பயமா கீது."

"நைனா, உனக்கு மழ பேஞ்சாலும் பயம், பேயலன்னாலும் பயம். வர்லன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம். போனை வை!"

வைத்துவிட்டேன். இந்த இடத்தைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வாரமே ஐயப்பன்தாங்கலில் இரவு ஷிப்டுக்குப் போகிற பெண்கள் பஸ் வராமல் ரோட்டில் நின்றார்கள். மழை வேறு. தொழிற்சாலையிலிருந்து போன் மேல் போன். யாரோ அந்தப் பஸ்ஸைக் கேன்சல் செய்திருக்கிறார்கள். எங்கள் ரூமில் ஒரே கம்ப்யூட்டர், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. லாகில் யார் என்று பெயர் வராது, மணி மட்டும்தான் வரும்.

மறுநாள் மதியம் மேனேஜர் என்னையும் கடுகையும் கூப்பிட்டார். கடுகு சர்வரில் அந்தப் புது பஸ் மெஷினின் வரிகளைத் தேடினார். நேற்றைய தேதி, சாயங்காலம் மூன்றரை மணி, பஸ் கேன்சல். நேற்று இரண்டு மணியிலிருந்து அந்த நாற்காலியில் நான்தான்.

"நான் தொடவே இல்ல சார்" என்றேன்.

"ஒம்பதாவது படிச்சவரை உக்கார வெச்சது என் தப்புங்க" என்றார் மேனேஜர். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, கடுகைப் பார்த்துச் சொன்னார். அந்த மரியாதையான 'ங்க'வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடுகாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "என் சர்வர் பொய் சொல்லாது, மாமே" என்றார். உட்கார்ந்துகொண்டு சொன்னார். ஒரு மனுஷன் திட்டாமல் இருப்பதுகூட இத்தனை வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இன்னிக்கு வரைக்கும் எல்லாத்தையும் பிரிண்ட் எடுங்க. இவருக்குக் கணக்கு முடிச்சு அனுப்பிரலாம்" என்றார் மேனேஜர்.

கடுகு இன்று முழுவதற்கும் சேர்த்துத் தேடினார். வரிகள் வந்தன. ஒரு வரியில் அவர் விரல் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார்.

"இப்ப மணி இன்னா?"

"பன்னெண்டு" என்றேன்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆவடி பஸ் கெளம்பிடுச்சின்னு போட்டுக்கீது. இன்னிக்கு தேதி." மெதுவாக எழுந்து நின்றார். "இன்னிக்கு சாயங்காலம் இன்னும் வரவே இல்லியேடா!"

அப்புறம் வந்ததுதான் நான் கேட்டதிலேயே பெரிய வெடி. சர்வர் தனக்கு வருகிற வரிகளின் நேரத்தையெல்லாம் லண்டன் கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டு, காட்டும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டி நம் நேரமாகக் காட்டுமாம். புதிய பஸ் மெஷின் ஏற்கெனவே நம் ஊர் நேரத்தில்தான் எழுதியது. அதை ஒரு வரியில் சர்வருக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் அந்த மெஷினின் வரிகள் வர வேண்டிய நேரத்தில் வராமல், இன்னும் வராத நேரத்தில் போய் உட்கார்ந்திருந்தன.

"எந்த முட்டாள் இதை செட் பண்ணான்? மூளை கீதா அவனுக்கு? இவன் அன்னிக்கே போன் பண்ணி ஒரு வரி கூட வர்லன்னான், போனை வைன்னு சொன்ன பரதேசி எவன்? நான்! நான்தான்!" மேஜையை அறைந்தார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். "எல்லாரும் கேட்டுக்கங்கயா! தப்பு என்னுது! இவன் பஸ்ஸ தொடல!"

தன்னைத் தானே அப்படித் திட்டிக்கொள்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. எங்களைத் திட்டியதெல்லாம் சும்மா ஒத்திகை.

மூன்றரையில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் காலை பத்து. நேற்றுக் காலை ஆள் வராததால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பஸ் அனுப்பியது மேனேஜர். இதைக் கடுகு மேனேஜரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சரி விடுங்க, இனி ஜாக்கிரதையா இருப்போம்" என்றார் மேனேஜர்.

"விட முடியாது. அவனாண்ட சாரி சொல்லு சார்."

மேனேஜருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. போன் அடித்த சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. காதில் வைத்துக்கொண்டே போய்விட்டார்.

நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். வேலை தப்பியது. ஆனாலும் உள்ளே பயம் பாதி, ஆத்திரம் பாதி. கடுகு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் காது சிவந்திருந்தது.

"இன்னா பாத்துகினு கீற? சாப்ட்டியா இல்லியா?"

"இல்ல அண்ணாத்தே."

"மணி இன்னா ஆவுது! அறிவு கீதா உனக்கு? எந்திரி!"

பிரியாணிக் கடையில் குஸ்கா வேகவில்லை என்று திட்டினார், தயிர்ப் பச்சடியில் தண்ணீர் என்று திட்டினார், நான் மெதுவாகச் சாப்பிடுகிறேன் என்று திட்டினார். திட்டிக்கொண்டே தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து என் இலையில் வைத்தார்.

அடுத்த வருடம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இங்கே இப்போது எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். எனக்குத்தான் பேச்சுத் துணையே இல்லாத மாதிரி இருக்கிறது.