தங்கைக்கு மட்டும் கிடைத்த நசுங்கல் காசு

திருவரங்குளம்,
வெகுதானிய வருஷம், மாசி மாதம்.

பம்பாயில் இருக்கும் அருமைத் தம்பி ரத்தினவேலுக்கு அக்கா சின்னப்பிள்ளை எழுதிக்கொண்டது. பெரியநாயகி கிருபையால் இங்கே ஆடு மாடு உட்பட எல்லோரும் சுகம், என் மனசு ஒன்றைத் தவிர. உன் சுகத்துக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் நெய்விளக்கு ஏற்றுகிறேன். அந்த நெய்க்கு என் கணக்கில் தனித் தலைப்பே இருக்கிறது.

பொங்கலுக்கு வந்தபோது எனக்குக் கம்பளியும், பக்கத்துத் தெருவில் இருக்கும் நம் தங்கை சொர்ணவல்லிக்கு அந்த நசுங்கின காசும் கொடுத்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பழைய உலோகக் கடையில் கிடைத்தது என்றாய். தங்கசாலையில் அச்சு தவறி, தலை இரட்டையாக விழுந்த காசை யாரும் செலவழித்துவிடக் கூடாதென்று, பல் வைத்த உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தகரக் கூரை மாதிரி வரிவரியாக நசுக்கி உருக்கப் போடுவார்கள், அதில் தப்பியது இது என்றாய். சரி, தப்பியது. தப்பின காசு நேரே அவள் வீட்டுக்குத்தான் போக வேண்டுமா? கம்பளி போர்த்துகிற குளிரா இந்த ஊரில் அடிக்கிறது?

காசு சேர்க்கும் பித்துள்ள ரோடு ஓவர்சியர் ஆத்மநாதன் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, "ஆயிரம் நல்ல காசு கெடைக்கும்மா, இப்படி ஒண்ணு கெடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஊரே அவள் வீட்டில். கோயிலிலும் எனக்கு முன்னால் நடக்கிறாள். சந்நிதியில் கண்ணை மூடினால் எனக்கு அம்மன் தெரியவில்லை, அந்தக் காசுதான் தெரிகிறது. இந்தப் பாவம் யாரைச் சேரும் என்று நீயே யோசி.

பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே ஒன்று செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நம் கரும்பாலையிலும் பல் வைத்த உருளைதானே. அம்மன் உருவம் போட்ட நம் சமஸ்தானத்து அம்மன் காசைக் கொடுத்தால் கண் அவிந்துவிடும் என்று பயந்து, சக்கரவர்த்தி தலை போட்ட ஓரணாவை எடுத்தேன். அவர் லண்டனில் இருக்கிறார், இங்கிட்டுப் பார்க்கமாட்டார். ஆலை ஓட்டும் மூக்கன், "ஆத்தா, காசுல சாறு வராது" என்றான். "நீ மாட்ட ஓட்டு" என்றேன். ஓட்டினான். காசு உள்ளே போய்ச் சிக்கி, மாடு முட்டி போட்டு, உருளையில் ஒரு பல் தெறித்து, கொப்பரையில் இருந்த பாகு கவனிப்பாரின்றிக் கருகி, உன் மச்சான் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார். "சர்க்காரு காசச் சிதைச்சா செயிலுடி. அங்க ஒனக்கு நெய்விளக்குக் கெடைக்காது." ஆலையைச் சரிசெய்த செலவை 'சாமிக்கு' என்று எழுதி, பிறகு பயந்து அடித்து, 'மாட்டுக்கு' என்று மாற்றினேன்.

ஓவர்சியர் மறுபடி வந்தபோது சொர்ணவல்லி வீட்டுக்கே போய் என் காசை நீட்டினேன். மனுஷன் லென்ஸ் வைத்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "தங்கசாலையில காசு முதல்ல பழுதாகும், அப்புறந்தான் நசுக்குவாங்க. இது நல்ல காசும்மா. நீங்க நசுக்கித்தான் பழுதாயிருக்கு" என்றார். சொர்ணவல்லி எட்டிப் பார்த்து, "அக்கா, ஒன் காசுல எறும்பு மொய்க்குது" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள், தம்பி. ஒரு பழுதும் இல்லாமல் குடும்பம் நடத்துகிறவளை யார் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள்?

ஆகையால் அவளுடையதைவிடக் கூடுதலாகக் கெட்டுப்போய், கூடுதலாக நசுங்கின காசாகப் பார்த்து எனக்கு அனுப்பு. அக்கா மேல் பாசம் உண்டா இல்லையா என்பது தபாலில் தெரிந்துவிடும். கம்பளியைக் கன்றுக்குட்டிக்குப் போர்த்திவிட்டேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், அந்த நூறிலும் இதை நினைத்து வருந்த வேண்டும்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
சின்னப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் சொர்ணவல்லி வந்தாள். "பாக்க வர்றவங்களுக்கு மோர் ஊத்தி முடியலக்கா, நீயே வச்சுக்க" என்று காசை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் நசுங்கின காசு. இதையா கூடப் பிறந்தவளுக்குக் கொடுப்பார்கள்? அவளுக்கு நல்லதாக ஏதாவது அனுப்பு. எனக்கு அனுப்புவதைவிட நல்லதாக வேண்டாம்.