சக்களத்தியின் கடைசி ஊர்வலம்

பம்பர் மட்டும்தான் வந்தது.

காயலான்கடைக்காரர் லாரியை இன்னும் இரண்டடி பின்னால் எடுத்த பிறகுதான் அதைக் கவனித்தார். கயிற்றின் ஒரு முனை லாரியின் மூக்கில் கட்டியபடி இருந்தது. மறுமுனையில் பம்பர், பிடுங்கிப்போட்ட பல் மாதிரி தரையில் கிடந்தது. கார் ஷெட்டுக்குள் இருந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"என்ன சார், வண்டிக்கு சிமெண்ட் போட்டுப் பூசி வச்சிருக்கீங்களா?" என்றார் கடைக்காரர்.

காரின் சொந்தக்காரர் ஒரு நூலகர். அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைக்க அவர் பட்ட பாடு, வாசலில் நின்ற மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள இது போகலைன்னா, நாளைக்கு வர்ற தையல் மெஷினை எல்லாம் உங்க கட்டில் மேலதான் இறக்கச் சொல்லுவேன். நீங்க இதுக்குள்ளயே படுத்துக்குங்க."

அவள் சொன்னால் செய்வாள். தையல் வகுப்பு என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பெண்கள் சேர்ந்தாகிவிட்டது, மெஷின்கள் சொல்லியாகிவிட்டது. இடம் மட்டும்தான் பாக்கி. வீட்டில் இருந்த ஒரே இடம் அந்த ஷெட்; அதில் மூன்று வருஷமாக ஆடாமல் அசையாமல் அந்தக் கார்.

ஓடிய காலத்திலும் அது சும்மா ஓடியதில்லை. தினமும் காலையில் தெருவில் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். அதனால் தெருவில் நூலகருக்குப் பெயரே 'தள்ளு சார்' என்று ஆகிவிட்டது. மனைவி காரை 'சக்களத்தி' என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டி விடுவதைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பெயரைத் தவறு என்று சொன்னதில்லை.

விற்கிறேன் என்று அவர் பல தடவை வாக்குக் கொடுத்திருக்கிறார். வாங்க வந்த ஒருவரிடம் காரின் குறைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் தாமே எடுத்துச் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். இன்னொருவர் கதவைச் சாத்திய விதம் பிடிக்கவில்லை என்று விற்க மறுத்துவிட்டார். கடைசியில் மனைவியே காயலான்கடைக்குப் போன் செய்துவிட்டாள். ஓட்டுவதற்கு இல்லை, நசுக்குவதற்கு. இப்படி ஒரு முடிவு வருமென்று நூலகர் எதிர்பார்க்கவில்லை. நேற்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்காரரின் போன் அடித்தது. காலையிலிருந்து அது அடித்துக்கொண்டேதான் இருந்தது.

"ஆமா, அந்த ஸ்கூட்டரையும் நசுக்குங்க. அதுக்கும் ஒரு போனா?" கொஞ்சம் கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்தார். "இங்க பாருங்க. கயித்துல கட்டி இழுத்துட்டு வர்றது எதுவா இருந்தாலும் நசுக்கிடுங்க. தானா ஓடி வர்றது ஆளுங்க வந்த வண்டி, அதைத் தொடாதீங்க. அவ்வளவுதான் வேலை. இனிமே என்னைக் கேக்காதீங்க."

போனை வைத்துவிட்டு நூலகரிடம் புலம்பினார். நசுக்குகிற மெஷினுக்குப் புது ஆளாம். வேறு கடையில் ஓட்டிப் பழகின பெரிய மனுஷர்தானாம். இன்றைக்குக் காலையில் இவர் லாரியோடு கிளம்பிய பிறகுதான் வேலைக்கு வந்தாராம். இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் தும்மலாமா என்று போன் பண்ணிக் கேட்கிறாராம்.

கார் நகராததற்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். இந்த ஒரு காரை வைத்தே வீட்டுக்கு மாடி எழுப்பியவர் அவர். துக்க வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்தார். காருக்கு அடியில் படுத்து, "கை பிரேக் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு" என்றார். ஒரு சுத்தியலை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பக்கவாட்டில் உருண்டு வெளியே வந்தார்.

ஷெட்டிலிருந்து தெருவுக்குச் சரிவு. மூன்று வருஷம் அசையாத கார், யாரும் தள்ளாமல், வாழ்க்கையில் முதன்முறையாகத் தானே கிளம்பியது. பின்பக்கமாக, அமைதியாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் இறங்கிப் போய் லாரியின் முகத்தில் மோதி நின்றது.

காருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காலத்து இரும்பு. லாரியின் ரேடியேட்டர் நசுங்கி, சூடான தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் லாரியை ஒரு ஓட்டை டப்பா இடிச்சிருச்சுன்னு வெளியில சொன்னா நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?"

"பம்பர் இருந்திருந்தா இவ்வளவு பலமா இடிச்சிருக்காது," என்றார் நூலகர், உண்மையான வருத்தத்தோடு.

காரை லாரியின் முகத்திலிருந்து பிரிக்க வேண்டும். சரிவில் மேல்நோக்கித் தள்ள முடியவில்லை. மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார்: லாரியின் பேட்டரியைக் கழற்றிக் காரில் மாட்டிப் பார்க்கலாம், கிளம்பினாலும் கிளம்பும். ஒரு கேனில் பெட்ரோலும் வந்தது. நூலகர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கார் இருமியது. கறுப்பாக ஒரு தடவை புகைந்தது. பிறகு நேற்றுத்தான் நிறுத்திவிட்டுப் போனமாதிரி ஓட ஆரம்பித்தது.

நூலகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் கண்களைப் பார்க்காமலிருக்க மெக்கானிக் வானத்தைப் பார்த்தார்.

"சாகப் போற நேரத்துல எழுந்து உக்காருது பாருங்க," என்றாள் மனைவி. ஆனால் குரலில் வழக்கமான காரம் இல்லை.

இப்போது கார் ஓடியது, லாரி ஓடவில்லை. கடைக்காரருக்கோ உடனே கடைக்குப் போயாக வேண்டும். அப்போதுதான் மெக்கானிக் கீழே கிடந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். கடைக்காரர் மட்டும் பார்க்க மறுத்தார்.

"அது மட்டும் நடக்காது," என்றார்.

நடந்தது. லாரியைத் தெருவில் நேராகத் திருப்ப ஆள் வேண்டியிருந்தது. 'தள்ளு சார்' வாசலில் கூட்டம் என்றதும் தெருவே பழக்கதோஷத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டது. தள்ள வேண்டியது காரை இல்லை, காரை எடுத்துப்போக வந்த லாரியை என்று தெரிந்ததும் ஒருவர் தாங்காமல் நூலகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மெக்கானிக் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் காரின் பின்சீட்டில், யார் கண்ணிலும் படாதபடி குனிந்து உட்கார்ந்தார். முன்சீட்டில் மனைவி ஏறினாள். தனியாக அனுப்பினால் கணவர் காரைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படி ஓர் ஊர்வலத்தை அந்தச் சாலை பார்த்ததில்லை. பம்பர் இல்லாத ஒரு கிழட்டுக் கார், ஒரு லாரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். சிக்னலில் நின்றபோது போக்குவரத்துக் காவலர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், அபராதம் யாருக்குப் போடுவது என்று புரியாமல் வழிவிட்டார். நூலகர் நெஞ்சை நிமிர்த்தி ஓட்டினார். வெயில் ஏறியதும் மனைவி கதவின் உள்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிக் கண்ணாடியை இறக்கினாள். அப்படித் தட்டினால்தான் அது இறங்கும். அவள் அதை மறக்கவில்லை என்பதை நூலகர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

கடை வாசலில் பழைய இரும்பு மலைமலையாகக் கிடந்தது. கோடியில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. கார் நின்றதும் கடைக்காரர் பின்சீட்டிலிருந்து இறங்கி, சட்டையை உதறி, பழைய கம்பீரத்தை மாட்டிக்கொண்டார். லாரிக்கு ஏற்ற ரேடியேட்டர் கிடைக்குமா என்று மெக்கானிக் இரும்பு மலைக்குள் புகுந்துவிட்டார். மற்ற மூவரும் ஆபீஸ் அறைக்குப் போனார்கள்.

அங்கேதான் மனைவி பேச ஆரம்பித்தாள். பேசிய விலை நசுக்குகிற வண்டிக்கு. இது ஓடுகிற வண்டி. வெறுமனே ஓடவில்லை, ஒரு லாரியையே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆகவே இழுக்கிற வண்டியின் விலை வேண்டும். அதோடு, அதை நசுக்கக் கூடாது. இங்கேயே வைத்து வேலை வாங்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது அவள் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. நூலகர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் சிரித்தார். "இழுக்கிறதுக்கு என்கிட்ட லாரி இருக்கும்மா. ஒரு ரேடியேட்டர் மாத்தினா மலையை இழுக்கும். என்கிட்ட லாரி இல்லாத அன்னைக்கு வாங்க, உங்க காரை நீங்க சொல்ற விலைக்கே வாங்கி, நசுக்காம நடுவுல நிறுத்தி மாலை போடறேன்."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"இரும்புக்கடைக்காரன் வார்த்தைம்மா. வளையாது."

போன் அடித்தது. கடைக்காரர் நம்பரைப் பார்த்ததும் எரிச்சலானார். எதிர்முனை வாயைத் திறக்கும் முன்பே, "சொன்னதைச் செய்ங்க, என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லித் துண்டித்தார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே இரும்பு நெரிகிற சத்தம் கேட்டது. கண்ணாடி நொறுங்கியது. தகரம் கிழிகிற ஓசை நீண்டு, அடங்கி, மறுபடி எழுந்தது. அறையின் ஜன்னல் அதிர்ந்தது.

கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பேரம் முடிஞ்சுது. உங்க வண்டி போயிடுச்சு சார். மனசைத் தேத்திக்குங்க."

நூலகர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்று தெரிந்தும் அதையே துடைத்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சக்களத்தி தொலைந்தாள் என்று சந்தோஷப்பட வேண்டியவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து விட்டுச்சேங்க" என்றாள்.

கதவு திறந்தது. புது ஆள் கையைத் துணியில் துடைத்தபடி உள்ளே வந்தார். முதல்நாள் வேலையைச் சரியாக முடித்த நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"கயித்துல வந்ததை நசுக்கியாச்சு முதலாளி, நீங்க ஏறி வந்த கார் மட்டும் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது, கொஞ்சம் நகர்த்தச் சொன்னீங்கன்னா லாரியோட மிச்சத்தையும் அள்ளிடுவேன்."