மாப்பிள்ளை ஒப்படைத்த ரயில்

சிவமயம்

வண்ணார்பேட்டை,
12.11.1994

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாலசுப்பிரமணியன் அவர்களுக்கு, மாமனார் சிவசைலம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை பிரம்மநாயகியும் காந்திமதி அம்மை புண்ணியத்தில் சுகம். கௌஹாத்தியில் தாங்களும் மகள் விஜயஸ்ரீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் எஞ்சின் மட்டும் சுகமில்லை. இதைக் கடைசியில் பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை முந்திக்கொண்டது.

நீங்கள் மாற்றலாகிப் போகும்போது உங்கள் பொம்மை ரயிலைப் பலகை, தண்டவாளம், இரண்டு குட்டி ஸ்டேஷன், நீங்களே செய்து நட்ட நாலு கைகாட்டி சிக்னல் சகிதம் எங்கள் மாடியறையில் ஏற்றிவைத்து, "மாமா, வாரம் ஒருக்கா ஓட்டுங்க, சும்மா கிடந்தா இறுகிரும்" என்று சொல்லிப் போனீர்கள். ஒரு காகிதமும் எழுதிக் கொடுத்தீர்கள். முப்பத்துநாலு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு ரயில் விடக் காகிதம் எதற்கு என்று நான் அதைப் பிரிக்கவில்லை. இருந்தாலும் மாப்பிள்ளை கையெழுத்தாயிற்றே என்று என் ரயில்வே விதிப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை குளித்து, திருநீறு பூசி, நாலு கைகாட்டியையும் இறக்கி வண்டியை விட்டேன். ஜோராகப் போயிற்று. முதல் கைகாட்டியை வண்டி தாண்டியதும் அதை மறுபடி சிவப்புக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது விதி, ஏற்றினேன். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, அந்தக் கைகாட்டிக்கு ஒரு சாண் முன்னால் வந்தது, பொசுக்கென்று நின்றுவிட்டது. கரண்ட் பெட்டியின் குமிழ் திறந்தேதான் இருக்கிறது. விரலால் தள்ளினேன், கைகாட்டியைத் தாண்டியதும் ஓடியது, சுற்றி வந்து அதே இடத்தில் மறுபடி நின்றது. அன்றைக்கு மட்டும் இருபத்தாறு தடவை தள்ளியிருப்பேன். வீட்டு வயரிங்கில் கோளாறாக இருக்கும் என்று எலக்ட்ரீஷியன் சுடலையாண்டியைக் கூப்பிட்டேன், அவன் வந்ததும் வராததுமாக மெயினை அமர்த்திவிட்டு மத்தியானம் வரை துழாவினான், கீழே கிரைண்டரில் பாதி அரைபட்ட அரிசி அப்படியே கிடந்து போயிற்று, உங்கள் அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சக்கரம் இறுகியிருக்குமோ என்று தேங்காயெண்ணெய் விட்டேன். எறும்பு வந்துவிட்டது. வண்டிதான் நிற்கிறதே தவிர, எறும்புகள் இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையே தாமதமில்லாமல் போய் வருகின்றன.

பேசாத மூன்று நாள் முடிந்ததும் அத்தை மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "அந்தக் கையத்தான் கொஞ்சம் இறக்கிப் பாருங்களேன்" என்றாள்.

"ஏட்டி, லைன்ல பழுதான எஞ்சின் நிக்கும்போது கைகாட்டிய இறக்கச் சொல்லுதியா? என் வேலை போயிரும்!"

"வேலைதான் நாலு வருஷத்துக்கு முன்னாலயே ரிட்டயர் ஆயிட்டுதே."

அவளுக்கு என்ன தெரியும். கைகாட்டி வண்டியை நிறுத்தாது, அதைப் பார்த்து டிரைவர்தான் நிறுத்த வேண்டும். இதை என்னைவிட அறிந்தவன் இல்லை. அறுபத்தெட்டில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் சிவப்பு வைத்திருக்கும்போதே ஒரு கூட்ஸ் வண்டி அதைத் தாண்டி வந்தது. உள்ளே பாசஞ்சர் நிற்கிறது, நிறைய ஜனம். சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடினேன். இரண்டு பெட்டி தூரத்தில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கைகாட்டி நினைவுக்கு வந்தால் சோறு இறங்காது. அது பாட்டுக்குச் சிவப்பாகத்தான் இருந்தது. யாரையும் பிடித்து நிறுத்தவில்லை.

வேறு வழியில்லாமல் எஞ்சினைத் துணியில் சுற்றி, டிபன் கேரியரில் வைத்து, பஸ் நெரிசலில் நெஞ்சோடு அணைத்தபடி ஊரின் மறுகோடியில் இருக்கும் பேட்டைக்குக் கொண்டுபோனேன். அங்கே பட்டறை வைத்திருக்கும் நேசையா மோட்டார் பம்புக்குக் கெட்டிக்காரர். திறந்து பார்த்து, "அண்ணாச்சி, இது எஞ்சின் இல்ல, கைக்கடியாரம்லா!" என்றார். பிரித்தார், துடைத்தார், மூடினார். திருகு ஒன்று மிஞ்சிவிட்டது. "பைய ஓட்டுங்க, ஒண்ணும் செய்யாது" என்றார். மேஜைமேல் இரண்டு வயரைத் தொட்டதும், டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட மாதிரி சக்கரம் சுற்றியது. வீட்டுக்குக் கொண்டுவந்து தண்டவாளத்தில் வைத்தால், அதே சாண், அதே இடம்.

மாப்பிள்ளை, என் மனசில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் கல்யாணப் பந்தியில் இந்த ரயிலைப் பற்றி நீங்கள் ஆசையாகச் சொன்னபோது, "முப்பது வயசுல பொம்மை ரயிலா?" என்று அத்தனை பேர் முன்னால் நான் சிரித்தேன். உங்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அப்படியும் ஏரலில் இருக்கும் உங்கள் அண்ணனிடம் விடாமல் என்னிடம்தான் இதை ஒப்படைத்தீர்கள். பொங்கலுக்கு வந்து பார்த்தால், இந்த மனுஷன் வேண்டுமென்றே கெடுத்துவிட்டான் என்றுதானே தோன்றும்? அன்று சிரித்தது தப்பு. என்னை மன்னிக்க வேண்டும். எஞ்சின் இனிப் பிழைக்காது. இன்று முதல் இந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

விஜயாவைக் குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்லவும். உங்கள் இருவர் வாழ்க்கையிலும் எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்து சேர நெல்லையப்பர் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
போன மாதம் வரை விபத்தறியாத
சிவசைலம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கக் கீழே போயிருந்தேன். மாடியில் சத்தம் கேட்டு ஏறி வந்தால், வண்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. நாலு கையும் இறங்கியிருக்கின்றன. பக்கத்தில் உங்கள் அத்தை. "இறக்குனா ஓடுது, ஏத்துனா நிக்குது. இதுக்கா பேட்டை வரைக்கும் போனீங்க?" என்கிறாள். உங்கள் காகிதத்தை இப்போதுதான் பிரித்தேன். 'மாமா, கைகாட்டி சிவப்பில் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு சாண் தண்டவாளத்துக்குக் கரண்ட் போகாது. வண்டி தானாக நின்றுவிடும். அந்தக் கூட்ஸ் வண்டிக் கதையை விஜயா சொன்னாள். அதனால்தான் இப்படிச் செய்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் நானே ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நிற்கிறது மாப்பிள்ளை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைக் கிழித்துப் போட்டுவிட்டு 'வண்டி சுகம்' என்று ஒரு கார்டு போடச் சொல்கிறாள் அத்தை. ஆனால் மேலே உங்களிடம் மன்னிப்புக் கேட்ட வரி இருக்கிறது, அதை இன்னொரு தடவை எழுத எனக்குத் தைரியம் வராது. ஆகையால் மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக நினைத்து அந்த வரியை மட்டும் படிக்கவும். திருகு மிஞ்சியதும் உண்மைதான்.