வெள்ளிக்கிழமைக்கு ஆகாத வெப்சைட்

கன்தாங்,
நவம்பர் 9, புத்த வருஷம் 2562

அன்பு மைத்துனன் அனுச்சாவுக்கு அத்தான் புன்சோங் எழுதியது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். விடுதியின் நாலு அறைகளும் எங்களைவிடச் சௌக்கியம், ஏனென்றால் அவற்றுக்கு யாரும் வந்து தொந்தரவு கொடுப்பதில்லை. பாங்காக்கில் நீயும் உன் மனைவியும் குழந்தையும் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் நன்றாக இருக்கவேண்டும். போனில் சொல்வதை ஏன் இவர் கடிதமாக எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். இப்போது நான் பென்ஷன் ஆபீசுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு சமையலறையில் இருக்கிறாள்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். மாவட்டச் சுற்றுலாச் சங்கத்தார் புது வரைபடம் அச்சடிக்கிறார்கள், வெப்சைட் இருக்கிற விடுதிக்கு மட்டும்தான் அதில் இடம், கடைசி நாள் இருபதாம் தேதி. எதிர் வீட்டு சுமாலி போன வருஷமே வெப்சைட் வைத்துவிட்டாள். அதில் அவள் வீட்டுக் குளியலறை நம் ரயில் நிலையத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ரயிலைவிட்டு இறங்குகிற வெள்ளைக்காரர்கள் போனைப் பார்த்தபடியே நேராக அவள் வாசலில் ஏறுகிறார்கள், நம் பெயர்ப்பலகையைத் தலைநிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. முப்பத்தோரு வருஷம் ரயில்வேயில் உழைத்து, ஓய்வுபெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் போட்டுக் கட்டிய அறைகள் இவை. ஏழு மாதத்தில் தங்கியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் சுமாலி வீடு என்று நினைத்து வந்தவர். எனக்கு இது வேடிக்கை இல்லை, தம்பி. வரைபடத்தில் பெயர் வராவிட்டால் நாலு அறையையும் யாருக்காவது ரப்பர் ஷீட் அடுக்கி வைக்க விட்டுவிட வேண்டியதுதான்.

நீ ஒரு பட்டியல் அனுப்பினாய், எதில் செய்யலாம் என்று. ஒன்றை மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நானும் சும்மா இருக்கவில்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, எது வாடகை வீடு மாதிரி, எது சொந்த மனை மாதிரி, எதில் நாளைக்குச் சாமானோடு வெளியேற முடியும், எதில் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்கவேண்டும் என்று பதினைந்து நாள் எழுதிப் பார்த்தேன். கடைசியில் சொந்த மனைதான் நமக்குச் சரி, வேர்ட்பிரஸ் என்று முடிவு செய்து, சாப்பிடும்போது உன் அக்காவிடம் சொன்னேன். "எந்த எழுத்துல ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். வ என்றேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

உனக்கு நினைவிருக்கும், ஒன்பது வருஷத்துக்கு முன்பு விலாய் என்று இருந்தவள் பத்சனி ஆனாள். வெள்ளிக்கிழமை பிறந்தவர்களுக்கு ய, ர, ல, வ நாலும் ஆகாது, பழைய பெயரிலோ மூன்று இருந்தன. கோப்பிக் கடைக்குப் பக்கத்தில் ராசியான போன் நம்பர் விற்கிறாரே ஜோசியர் சமான், அவர்தான் மாற்றிக் கொடுத்தார். மாற்றிய பிறகு முழங்கால் வலி போயிற்று என்றாள். முழங்கால் அவளுடையது, நான் என்ன சொல்ல? ஆகையால் மறுநாள் காலை என்னையும் என் நோட்டையும் சமானிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வேர்ட்பிரஸ்ஸில் வ, ர இரண்டும். விக்ஸ் பேச்சே இல்லை. ஸ்குவேர்ஸ்பேஸில் வ-வும் ர-வும் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ஜூம்லாவில் ல. பிளாகரில் ர. ஷாப்பிஃபை ஒன்று தப்பித்தது என்று நான் மூச்சு விடுவதற்குள், நம் தாய்லாந்து எழுத்தில் எழுதிப் பார்த்து அதன் வாலில் ஒளிந்திருந்த ய-வைப் பிடித்துவிட்டார். நான் பதினைந்து நாள் எடுத்த வேலையை அந்த மனிதர் ஐந்து நிமிஷத்தில் முடித்தார். தேறியது ஃபேஸ்புக் ஒன்றுதான். அதை வெப்சைட் என்று சங்கத்தார் ஏற்கமாட்டார்கள். எழுந்து வரும்போது அவரே கூப்பிட்டு, "தங்கச்சி, வெப்சைட்டுங்கற வார்த்தையே வ-லதான் ஆரம்பிக்குது. ஆனா அதப்பத்தி நீங்க கேக்கல, அதனால நானும் சொல்லல" என்றார்.

"அப்போ அத என்னன்னுதான் சொல்றது?" என்று வழியில் கேட்டேன். "அதுன்னு சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அது என்றுதான் பெயர். அது எப்போது வரும், அதற்கு இன்னும் எத்தனை நாள், அனுச்சாவுக்கு அதைப்பற்றிச் சொன்னாயா என்று வாசலில் நின்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட சுமாலி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அண்ணிக்கு அம்பத்தேழு வயசுல இதெல்லாம் தேவையா? டாக்டர்ட்ட காட்டினீங்களா?" என்று கேட்டாள். இன்று சந்தையில் காய்கறிக்காரி உன் அக்காவுக்குப் பச்சைப் பப்பாளி விற்க மறுத்திருக்கிறாள்.

இதற்கு நடுவில் முகவரி வேறு. முன்னால் வருகிற மூன்று டபிள்யூவை நினைத்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வ இல்லை, வரிசையாக மூன்று வ. அதைப் போடாமலும் திறக்கும் அத்தான் என்று நீ சொன்னபோது, சொல்லப்போனால், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்குப் போனேன். கன்னிகா என்ற பெண் பாரத்தை நீட்டினாள். முகவரிக் கட்டத்தில் மூன்று டபிள்யூவும் ஒரு புள்ளியும் ஏற்கெனவே அச்சாகி இருந்தன.

"இத அடிச்சிட்டு எழுதலாமாம்மா?"

"அச்சடிச்ச பாரத்துல அடிச்சா செல்லாது மாமா."

"இது இல்லாமலும் திறக்கும்னு பாங்காக்ல இருக்கற என் மச்சான் சொன்னான். அவனுக்கு இதுதான் தொழிலே."

"அவர் சொல்றது திறக்கலாம் மாமா. எங்க மேனேஜர் பீரோவ திறக்கமாட்டாரே, வேற பாரம் எடுக்க."

பாரத்தைக் கொண்டுவந்து உன் அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். சரி, அதுதான் போகட்டும், உள்ளே என்ன எழுதுவது என்று உட்கார்ந்தால், வருக என்று போட முடியாது, முதல் இரண்டு எழுத்தும் ஆகாதவை. விலை போட முடியாது. கடல் பக்கத்தில் என்று சொல்ல முடியாது, ரயில் நிலையத்துக்கு நாலு எட்டு என்று சொல்ல முடியாது. திராங் மாவட்டத்தின் பெயரையே எழுத முடியாது. தேறியவை கன்தாங், பத்சனி, மீன், கோப்பி. இந்த நாலையும் படித்துவிட்டு இது தங்கும் இடம் என்று எந்த வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பான்?

உன் அக்காவை நான் குறை சொல்வதாக நினைக்காதே. நான் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொள்கிறேன். முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அவள் மனசு தெரியாதா? பாவம், எழுத்துக்குப் பயந்தவள். ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். எந்தப் பட்டியலும் வேண்டாம். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் நீயே கையால் எழுதிச் செய்ய முடியும் என்று ஒருமுறை சொன்னாய் அல்லவா, அப்படிச் செய்துவிடு. அதற்கு எச்.டி.எம்.எல் என்று பெயராம். கடைசியில் எல் இருப்பதை அக்காவிடம் மூச்சுவிடாதே. உள்ளே ய, ர, ல, வ வராத வாசகமாகப் பார்த்து எழுது. உனக்குக் கைக்குழந்தை இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, எல்லாம் தெரியும். பதினோரு நாள் இருக்கிறது, தாராளம்.

குழந்தைக்கு எங்கள் ஆசி. உன் மனைவிக்கு இரண்டு பெட்டி திராங் கேக் தனியாக அனுப்புகிறேன், அக்கா அனுப்பியதாகச் சொல்லிக்கொள். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எழுத்துக்குப் பயப்படாத உன் அத்தான்,
புன்சோங்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. இத மேஜை மேல வெச்சிட்டு உங்க அத்தான் கோப்பி குடிக்கப் போயிருக்கார். பென்ஷன் ஆபீசுக்கு எழுதறவர் நடுநடுவுல தனியா சிரிக்கமாட்டாரே, அதான் எடுத்துப் படிச்சேன். நான் வெள்ளிக்கிழமை பிறந்தவளே இல்ல. பிக்குகள் பிச்சைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, விடியாத நேரத்துல பிறந்தேன்னு அம்மா சொல்லுவாங்க. அப்படின்னா முந்தின நாள் கணக்கு, வியாழன். வியாழனுக்கு ய, ர, ல, வ ஒண்ணும் செய்யாது, த-வும் ன-வும்தான் ஆகாது, அப்படிப் பாத்தா இப்ப இருக்கற என் பேரே ஆகாது. அன்னிக்கு நம்ம தெருவுல நாலு விலாய் இருந்தாங்க, ஒருத்திய கூப்பிட்டா நாலு பேரும் திரும்பினோம், அதான் மாத்திக்கிட்டேன். பேரு மாத்தணும்னு நான் சொன்னா உங்க அத்தான் நோட்டு வாங்கிக் கட்டம் போட்டு வாதாடுவார். ஜோசியர் சொன்னா பேசாம இருப்பார். சமான்கிட்ட வெள்ளின்னு சொன்னது நான்தான், அப்பவும் இப்பவும்.

எனக்கு இந்த வெப்சைட் வேண்டாம்னுதான் இருந்துச்சு தம்பி. முப்பத்தோரு வருஷம் அவர் டியூட்டிக்காக மூணு மணிக்கு எழுந்து சமைச்சேன். அவருக்கு ரிட்டையர்மென்ட் வந்துச்சு, எனக்கும் அன்னிக்குத்தான் வந்துச்சு. இப்ப ஆறு மணி வரைக்கும் தூங்கறேன். நாலு அறையும் நிறைஞ்சா திரும்ப மூணு மணி. ஆனா தினமும் மத்தியானம் ரயில் வர்ற நேரத்துக்குச் சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு வாசல்ல போய் நிக்கறார். எல்லாரும் எதிர்வீட்டுக்குள்ள போனப்புறம், காத்து வாங்க நின்னேன்னு சொல்லிட்டு உள்ள வர்றார். அத என்னால பாக்க முடியல.

அதனால நேத்தே பாரத்த நிரப்பி கன்னிகாகிட்ட குடுத்துட்டேன், மூணு டபிள்யூவும் அப்படியே இருக்கு. எதுல செய்யறதுன்னு நீயே பாத்துக்கோ, எந்த எழுத்துல ஆரம்பிச்சா எனக்கென்ன. ஒண்ணே ஒண்ணு. முதல் பக்கத்துல, படத்துக்கெல்லாம் மேல, கொட்டை எழுத்துல போடு: இங்கே காலைச் சாப்பாடு கிடையாது. அத உங்க அத்தான்தான் முதல்ல படிக்கணும்.