படுக்கையைக் காலி செய்வது குறித்து

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

அரசு ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவு, ஜன்னலோரப் படுக்கையிலிருந்து உங்கள் தங்கை புருஷன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே அனைவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியமா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் வலது முட்டியை எடுத்துவிட்டுப் புது முட்டி வைக்க இரண்டு வருடம் காக்க வைத்தார்கள். அதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை. அரசாங்கம் என்றால் காக்க வைக்கும். திடீரென்று போன் பண்ணி வாருங்கள் என்றார்கள் பாருங்கள், அங்கேதான் உதைத்தது. வந்தேன். பணம் கேட்கவில்லை, யார் சிபாரிசு என்றும் கேட்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்த இடத்தில் எனக்குத் தூக்கம் வருமா? டாக்டருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. மொத்த வார்டுக்கும் ஒரே நர்ஸம்மா, கால் தரையில் படாமல் ஓடுகிறார், ஆனாலும் சிரித்த முகம். இவ்வளவு வேலைக்கு நடுவில் ஒருவர் சிரித்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது.

அதைவிட, வருகிறவர்கள் எல்லாம் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, எந்தக் கால் என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். இது என் தொழில், மச்சான். ஆளை நம்பாதவன்தான் இப்படித் திருப்பித் திருப்பிக் கேட்பான். சரி, பதிலைக் காதில் வாங்குகிறார்களா என்று நானும் சோதித்துப் பார்க்க, மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் இடது கால் என்றேன். அவ்வளவுதான். ஆபரேஷனை நிறுத்தினார்கள், மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள், பெரிய டாக்டர் ஒரு படையோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வலது தொடையில் பேனாவால் அம்புக்குறி போட்டார். தேய்த்தாலும் அழிய மாட்டேன் என்கிறது. இப்போது சம்மதக் கையெழுத்தை மறுபடி போடச் சொல்கிறார்கள். முதலில் போட்டது எங்கே போயிற்றாம்?

உங்கள் தங்கை அழுகிறாள். "வீட்ல உங்களுக்கு மாடிக்குச் சாப்பாடு தூக்கிட்டு ஏறி ஏறி இப்போ என் முட்டியும் போச்சு. கையெழுத்தைப் போட்டுத் தொலைங்க," என்கிறாள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் படி இறங்கித் தெருவைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் பயமா இருக்கு மச்சான். இந்த உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் நீங்கள். நாளைக் காலையில் ஒரு வண்டி பிடித்து வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். கடிதத்தை உங்கள் தங்கையிடம் ஒட்டித்தான் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படித்த அடையாளம் இருந்தால் தெரியப்படுத்தவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
அம்புக்குறியுடன் படுத்திருக்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: வர வேண்டாம். மேலே எழுதியதெல்லாம் ரத்து. மாத்திரை கொடுக்க வந்த நர்ஸம்மா இப்போதுதான் சொன்னார்: "உங்க மச்சானுக்கு உங்க மேல என்ன ஒரு அக்கறை. நீங்க வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களான்னு தினமும் போன் பண்ணிக் கேக்கறார். முட்டி வரிசையில அடுத்தது அவருதானே." இலவசத்தை நம்பாதே, நல்ல காலையும் சேர்த்து எடுத்துவிடுவான் என்று போன வாரம் என் காதில் ஓதியது யார், மச்சான்? கையெழுத்துப் போட்டுவிட்டேன், கேட்காத இடத்திலும் சேர்த்து. என்னைப் பார்க்க வந்தால் நாற்காலியில் உட்காருங்கள். படுக்கையில் உட்காரக் கூடாது.