முக்கூடல் ரோட்டில் ஒரு கேன் குளிர்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய நடராஜ் அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வைத்தியலிங்கம் வணங்கி எழுதுவது. இங்கு நானும் ஞானம்பாளும், அசதி ஒன்றைத் தவிர, சுகம். ராதாபுரத்தில் நீங்களும் அக்காவும் விஜயஸ்ரீயும் சுகமாக இருக்க நெல்லையப்பர் துணை. ரிடையர் ஆனதும் உங்கள் சிமெண்ட் கம்பிக் கடையில் கல்லாவில் வந்து உட்காரச் சொல்லிப் போனில் கேட்டீர்களே, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வருகிறேன். காரணத்தையும் சொல்லிவிட்டால்தான் மனசு ஆறும், ஆகவே பொறுமையாகப் படிக்கவும்.

இத்தனை வருஷமும் கல்லூரியில் நான் என்ன செய்தேன் என்று நம் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. காந்த ஆராய்ச்சி என்றதும் அக்கா முழங்கால் வலிக்கு ஒரு காந்தம் கேட்டாள். மின்கடத்தி என்றதும் நீங்கள், விஜயஸ்ரீ நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் என் கையில் மிக்ஸியைக் கொடுத்தீர்கள். நானும் கழற்றினேன், மாட்டத்தான் தெரியவில்லை. விஷயம் இவ்வளவுதான் அத்தான்: சில கலவைகளைச் சுட்டுக் கருப்பு வில்லையாக்கிக் கடுங்குளிரில் வைத்தால், அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், மேலே ஒரு காந்தத்தை வைத்தால் வில்லையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். உலகத்தில் எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள். என் சொந்தக் கலவையில் ஒன்றைச் செய்து பார்க்க நானும் ஆசைப்பட்டேன். செய்த வில்லை ஒவ்வொன்றின் மேலும் காந்தம் சம்மணம் போட்டு உட்கார்ந்ததே தவிர எழுந்திருக்கவில்லை. இந்த மாதக் கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. போன வாரம் உலையிலிருந்து எடுத்ததுதான் கடைசி வில்லை. அதிலாவது காந்தம் நின்றால், ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்றிருந்தேன்.

குளிருக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். ரிடையர் ஆகப்போகிறவருக்கு இனி எதற்குக் குளிர் என்று கல்லூரியில் வாங்குவதை விட்டுவிட்டார்கள். மாட்டுக்குப் போடுகிற சினை ஊசி மருந்து கெடாமல் இருக்கவும் இதே நைட்ரஜன்தான். அதனால் முக்கூடல் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் இருக்கும் சொரிமுத்து அண்ணாச்சியைப் பிடித்து, நேற்று ஒரு கேன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இதை இறுக்கி மூடினால் வெடிக்கும், லேசாக மூடினால் புகையும். புகைந்தது. கண்டக்டர், "வே, பஸ்ஸு பத்தப் போகுது, மொதல்ல இறங்கும்" என்று நடு ரோட்டில், உச்சி வெயிலில் இறக்கிவிட்டார். நிற்கிறேன், வயலிலிருந்து கொம்பையா என்று ஒரு சம்சாரி கேனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "வாங்கய்யா, ஒங்களத்தான் தேடிக்கிட்டிருக்கேன். மாடு காலையில இருந்து சினைக்குக் கத்திக்கிட்டே கெடக்கு" என்று கேனைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். கேன் போகிற இடத்துக்கு நானும் போனேன், வேறென்ன செய்ய. நான் மாட்டு டாக்டர் இல்லை, பௌதிக வாத்தியார் என்றேன். "எந்த வாத்தியாரா இருந்தா என்ன, உள்ள ஊசி இருக்குல்லா?" என்றார். திறந்து காட்டினால்தான் விடுவாராம். திறந்தேன். அவர் பார்த்தார், அவர் பெண்டாட்டி பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள், மாடும் பார்த்தது. அவர்கள் குனிந்து பார்க்கப் பார்க்க என் குளிர் புகையாகப் போய்க்கொண்டே இருந்தது.

"ஒண்ணுமே கெடையாதாய்யா?"

"கிடையாது. குளிர் மட்டுந்தான்."

"வெறும் குளிரையா பஸ்ஸுல கொண்டு போறீய?"

அத்தான், டெல்லியிலிருந்து வந்த நிபுணர்கள் கூட என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேனை எடுத்து லேசாக மூடினேன். பாவம், நல்ல மனுஷன், மோர் கொடுத்து பைக்கில் கொண்டுபோய் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

கல்லூரிக்கு வந்து பார்த்தால் அடியில் ஒரு டம்ளர் மிச்சம். ஊற்றினேன். காந்தத்தைப் பைய வைத்தேன். உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், தரையோடு குனிந்து பார்த்தேன், அது எழுந்திருக்கவே இல்லை. யாரும் இல்லாத லேபில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. போதும் அத்தான், கை கால் எல்லாம் சலித்துப்போச்சு. ஒன்றாம் தேதி வந்துவிடுகிறேன். சிமெண்ட் மூட்டை அந்தரத்தில் நிற்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். விஜயஸ்ரீ சகல சௌபாக்கியங்களோடும் வாழ ஆசீர்வாதம். மிக்ஸியை விவரம் தெரிந்த ஆளிடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
வைத்தியலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது, என் நேற்றைய சட்டையைத் துவைக்க எடுத்த ஞானம்பாள், "இது என்ன, கருப்பட்டித் துண்டா? சட்டையோட தண்ணியில முக்கப் போனேன்" என்று ஒன்றை நீட்டினாள். புது வில்லை! பத்திரமாக இருக்கட்டும் என்று நானே அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முக்கூடல் போயிருக்கிறேன். நேற்று அசதியில் குளிரை ஊற்றியது, மேசையில் கிடந்த பழைய வில்லையின் மேல். ஆகவே கல்லாவுக்கு வேறு ஆள் பார்க்கவும். நாளைக்கு முதல் பஸ்ஸில் மறுபடி முக்கூடல் போகிறேன். ஞானம்பாளும் வருகிறாள். கண்டக்டரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.